இசைத்தொகுப்பின் ஆக்கமும் ஆசிரியத்துவமும்: ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவும் அரக்கோணம் அறிவும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் பாடல் என்றால் திரைப்பாடல் என்ற நிலை நீண்டகாலமாக நிலவிவருகிறது. அதற்கு வெளியே ராக், கானா, ராப், பறை ஆகியவற்றை ஒருங்கே கொண்டு 2017இல் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு, திரைக்கதையைச் சாராத பாடல்தொகுப்பு என்னும் வடிவத்தை அரசியல் உள்ளடக்கத்துடன் முன்வைத்தது. அக்குழுவின் பாடகர்களுள் ஒருவரான அறிவு அரக்கோணத்தைச் சேர்ந்தவர். குழுவின் ‘மகிழ்ச்சி’, அறிவு இசைத்தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து வெளியிட்ட ‘தெருக்குறள்’, தனித்து முன்னெடுத்த ‘வள்ளியம்மா பேராண்டி’ ஆகிய தொகுப்புகளையும் இடையில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ தனிப்பாடலையும் முன்வைத்து, ஓர் இசைத்தொகுப்பு எவ்வாறு ஆக்கப்படுகிறது, எவ்வாறு வெளியிடப்படுகிறது, அதன் ஆசிரியர் யார் என்னும் வினாக்களை இக்கட்டுரை விளக்குகிறது. பாடலை இலக்கியப் பனுவலாக மட்டும் கொள்ளும் ஆய்வுமுறை இவ்வகைத் தொகுப்புகளுக்குப் போதாது என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: இசைத்தொகுப்பு, ராக் இசைக்குழு, கானா, பறை, ஒப்பாரி, ஒலிப்பதிவு, பதிப்புரிமை, அரக்கோணம்

முன்னுரை

வாய்மொழிப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பது நாட்டார் வழக்காற்றியலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாகும் பாடலுக்கோ ஆசிரியர் பலர். பாடலாசிரியர், மெட்டமைத்தவர், பாடியவர், இசைக்கருவி வாசித்தவர், தயாரித்தவர், வெளியிட்டவர் என அப்பட்டியல் நீளும். வாய்மொழி மரபிலிருந்து வந்த ஒருவர் அம்மரபின் குரலையும் சொல்லையும் எடுத்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும்போது இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. அவ்வெதிர்கொள்ளலில் எவர் பெயர் நிற்கும், எவர் பெயர் மறையும் என்பது அழகியல் வினா மட்டுமன்று. வரலாற்று வினாவும் ஆகும். பெயர் பதியப்படாத உழைப்பின் நீண்ட வரலாறு கொண்ட மக்களிடமிருந்து எழுந்த இசையைப் பற்றிப் பேசும்போது இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

இக்கட்டுரை முதலில் தொகுப்பு என்னும் வடிவத்தை வரையறுக்கிறது. அடுத்து குழுவின் தோற்றத்தையும் கருவிகளின் இயல்பையும் விளக்குகிறது. பின்னர் அறிவின் படைப்புகள் வழியாக ஆசிரியத்துவச் சிக்கலையும் அதற்கான சட்ட அடிப்படையையும் ஆராய்கிறது.

1. தொகுப்பு என்னும் வடிவம்

‘ஆல்பம்’ என்னும் சொல் இன்று எத்தகைய பாடல் வரிசைக்கும் பொதுவாக வழங்குகிறது. அதன் வரலாறு தொழில்நுட்பத்தோடு பிணைந்தது. நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே பதிய இயன்றது. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகள் சுழலும் நீண்ட இசைத்தட்டை அறிமுகப்படுத்தியபின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கும் மேலாகப் பதிய முடிந்தது. 1960களில் ராக் இசைக்குழுக்கள் இந்நீளத்தைத் தனித்தனிப் பாடல்களின் குவியலாகக் கொள்ளாமல், தொடக்கமும் ஒழுங்கும் முடிவும் உடைய ஒரே ஆக்கமாகக் கருதத் தொடங்கின. 1967இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ தொகுப்பு இம்மாற்றத்திற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. இவ்வகையில் தொகுப்பு என்பது கவிதை நூலுக்கு ஒப்பானது. பாடல்களின் வரிசையும் தலைப்பும் அட்டையும் பொருள் தரும் கூறுகளாகின்றன.

தமிழில் இவ்வடிவம் வேர்கொள்ளாமைக்குக் காரணம் திரையிசையின் ஆதிக்கம். திரைப்பாடல் கதையின் சூழலுக்கு எழுதப்படுவது. அதன் தொகுப்பொழுங்கு திரைக்கதையிலிருந்து வருவது. திரைக்கு வெளியே பக்திப் பாடல்களும் கட்சிப் பாடல்களும் கானாவும் ஒலிநாடாக்களாக வெளிவந்தன. எனினும், அவை பெரும்பாலும் பயன்பாட்டை ஒட்டித் திரட்டப்பட்டவை. புலம்பெயர் தமிழரிடம் நிலைமை சற்று வேறுபட்டது. மலேசியாவின் ‘பொயட்டிக் அம்மோ’ குழு 1990களின் பிற்பகுதியிலும், யோகி பி–நட்சத்திரா குழு 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பின் வழியும் தமிழ் ராப் இசைக்குத் தொகுப்பு வடிவம் தந்தனர். தமிழ்நாட்டில் ஹிப்ஹாப் தமிழா குழுவின் ‘ஹிப்ஹாப் தமிழன்’ 2012இல் வெளிவந்தது. சென்னையில் டென்மாவும் கபேர் வாசுகியும் ‘குரங்கன்’ என்னும் குழுவின் வழி தமிழ்ச் சொல்லும் ராக் ஒலியும் இணையும் முயற்சிகளை மேற்கொண்டனர். இம்முயற்சிகளின் தொடர்ச்சியில்தான் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ வைத்து நோக்கத்தக்கது.

2. குழுவின் தோற்றமும் பெயரும்

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மா சார்ந்திருந்த மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் அமைப்பும் இணைந்து 2017இல் இக்குழுவை உருவாக்கின. கானாப் பாடகர், ராப் பாடகர், பறை, சட்டி, கட்டை முதலிய தாளக்கருவிக் கலைஞர், கிதார், டிரம்ஸ் வாசிப்போர் எனப் பத்தொன்பது பேர் இதில் இடம்பெற்றனர். பாடகர் இசைவாணி ஒருவரே அவர்களுள் பெண். கானா ஆண்களின் துறையாகவே அறியப்பட்டிருந்த நிலையில் அவர் பெற்ற இடம் தனியே குறிப்பிடத்தக்கது. 2020ஆம் ஆண்டிற்கான பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. குழுவின் முதல் மேடை நிகழ்ச்சி 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது.

குழுவின் பெயர் ஆங்கிலத்தில் அமைந்திருப்பினும் அதன் மூலம் தமிழிலேயே உள்ளது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்கச் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்னும் தொடரை ஆண்டார். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் அச்சுப் பண்பாட்டின் வழி மாற்று வரலாற்றை எழுதிற்று. அத்தொடரின் ‘சாதிபேதமற்ற’ என்னும் அடையே குழுவின் பெயராக மறுபிறப்பு எடுத்துள்ளது. பண்டிதர் தாழ்வுப் பெயரை மறுத்து முன்னைய பெருமையை உரிமைகோரினார். குழுவோ இழிவாகக் கருதப்பட்ட ஒலிகளை மேடையின் நடுவில் நிறுத்தி அதே உரிமைகோரலை இசையில் நிகழ்த்துகிறது. அச்சிலிருந்து ஒலிப்பதிவுக்கு ஊடகம் மாறியுள்ளது. வாதத்தின் அடிப்படை மாறவில்லை எனலாம்.

குழுவின் தொகுப்பு ‘மகிழ்ச்சி’ (2018) எனப் பெயர் பெற்றது. இரஞ்சித் இயக்கிய ‘கபாலி’ (2016) திரைப்படத்தால் பரவலான சொல் அது. எதிர்ப்பிசைக்குத் துயரமோ சினமோ தலைப்பாவதே எதிர்பார்க்கத்தக்கது. அவ்விடத்தில் மகிழ்ச்சியைத் தலைப்பாக்கியதில் ஒரு நிலைப்பாடு உள்ளது. ஒடுக்கப்பட்டோரின் வாழ்வைத் துயரக் காட்சியாக மட்டும் காட்டும் வழக்கத்தை அது மறுக்கிறது. இடஒதுக்கீட்டின் நியாயத்தைப் பேசும் ‘கோட்டா’, வடசென்னை உழைப்பாளரின் வாழ்வைப் பாடும் ‘வடசென்னை’, அம்பேத்கரைப் போற்றும் ‘ஜெய்பீம்’ பாடல் ஆகியவை குழுவின் பரவலாக அறியப்பட்ட பாடல்கள். இவற்றின் பொருள் துண்டறிக்கைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் முன்பே பேசப்பட்டது. ஆடத்தூண்டும் தாளத்தில் அப்பொருள் அமர்ந்தமையே புதுமை.

3. தோலும் கம்பியும்: ஒலிப்பதிவின் இயல்பு

இவ்வகைக் குழுவின் ஒலிப்பதிவைப் புரிந்துகொள்ள அதன் கருவிகளின் இயல்பை அறிதல் வேண்டும். பறை, மரவளையத்தின்மீது கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிச் செய்யப்படுவது. அதற்கு முடுக்கி இல்லை. வாசிப்பதற்கு முன் தீயில் காய்ச்சியே சுருதி ஏற்றப்படும். தோலின் ஈரம் வற்ற இறுக்கம் கூடும், ஒலி உயரும். நேரம் செல்லச்செல்ல, குறிப்பாக ஈரக்காற்றில், தோல் தளர ஒலி தாழும். மாறாக, ராக் இசையின் டிரம்ஸ் கருவியில் 1950களின் பிற்பகுதி முதல் பாலியெஸ்டர் படலமே பெரிதும் பயன்படுகிறது. அதன் இழுவிசையைத் திருகால் முடுக்கலாம். ஈரமும் வெப்பமும் அதனைப் பெரிதும் பாதிப்பதில்லை. கிதாரின் கம்பிகளும் குறிப்பிட்ட சுருதியில் நிலைநிற்பவை.

குளிரூட்டப்பட்ட ஒலிப்பதிவுக் கூடத்தில் இவ்விரு வகைக் கருவிகளும் சேரும்போது நடைமுறைச் சிக்கல் எழுகிறது. நிலைத்த சுருதியுடைய கருவிகளோடு, நிமிடந்தோறும் சற்றே மாறும் தோற்கருவி இசைய வேண்டும். தெருவில் தீமூட்டிக் காய்ச்சும் கருவியைக் கூடத்தின் பணியொழுங்கிற்குள் கொண்டுவருவதற்குப் பதிவின் இடைவேளைகளே திட்டமிடப்பட வேண்டியுள்ளது. மேலும், பறையின் ஓசை திறந்தவெளிக்குரியது. சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் எழுப்பும் கூர்மையான ஒலி மூடிய அறையில் சுவர்களில் மோதி ஏனைய ஒலிகளை மூடிவிடும். எனவே ஒலிவாங்கியின் தொலைவு, வாசிப்பவரின் இருப்பிடம், தனியறைப் பதிவு ஆகியவை முடிவுசெய்யப்பட வேண்டும்.

தாளத்திலும் இத்தகைய வேறுபாடு உண்டு. கானாவில் பாடுபவரே நடையை இழுக்கவும் தளர்த்தவும் உரிமை பெற்றவர். அவர் சொல்லை நீட்டினால் தாளம் காத்திருக்கும். இறப்பு வீட்டில் இரவு முழுவதும் பாடப்படும் மரபில் இந்நெகிழ்வு இன்றியமையாதது. இன்றைய பல்தடப் பதிவில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியே பதியப்படும். அனைவரும் காதொலிப்பானில் கேட்கும் இயந்திரத் தாளத்துடிப்பே அவற்றை இணைக்கிறது. துடிப்பிற்குக் கட்டுப்பட்டுப் பாடினால் கானாவின் இழுப்பு குறையும். கட்டுப்படாவிடில் பின்னர் சேர்க்கும் கருவிகள் பொருந்தா. ராப் இதற்கு மறுகோடியில் நிற்கிறது. அசைகளைத் துடிப்பின்மீது துல்லியமாக வைப்பதும் வேண்டுமென்றே அதற்குப் பின்தங்கவிடுவதுமே அதன் கலை. ஒரே பாடலில் கானாப் பாடகரும் ராப் பாடகரும் அடுத்தடுத்து வரும்போது இருவேறு கால உணர்வுகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. இசைத்தயாரிப்பாளரின் பணி இவ்விரண்டையும் பொருத்துவதாகும். அப்பணி கேட்போருக்குப் புலப்படாமல் பாடலின் உள்ளே உறைந்துவிடுகிறது.

தோல் என்னும் பொருளுக்கு இவ்வட்டாரத்தில் கூடுதல் பொருளுண்டு. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் தோற்பொருள் உற்பத்திக்கும் பெயர்பெற்றவை. அத்தொழிலின் ஏற்றுமதி வருவாய் மதிக்கப்படும் அளவிற்குத் தோலைத் தொட்டு உழைத்தோர் மதிக்கப்பட்டதில்லை. தோற்கருவி வாசித்தோர் நிலையும் அவ்வாறே. இவ்விரு உழைப்பும் ஒரே இழிவுக் கற்பிதத்தின் இரு முகங்கள். பறையைத் தொகுப்பின் நடுவொலியாக வைப்பது அக்கற்பிதத்தை நேரடியாக எதிர்ப்பதாகும்.

4. அரக்கோணமும் ‘தெருக்குறளும்’

அரக்கோணம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள தொடர்வண்டிச் சந்திப்பு. 1856இல் இராயபுரத்திற்கும் வாலாஜா சாலைக்கும் இடையே ஓடத்தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டிப் பாதை இவ்வழியே அமைந்தது. முன்பு வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் 2019இல் உருவான இராணிப்பேட்டை மாவட்டத்துள் வந்தது. புறநகர் வண்டியில் சென்னைக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று மீளும் மக்களின் ஊர் இது. மாநகரத்திற்கு மிக அருகில் இருந்தும் மாநகரம் ஆகாத இவ்விடைநிலை, ஊரின் வாய்மொழி மரபும் நகரத்தின் இசைவடிவங்களும் ஒருவரிடமே சேர வாய்ப்பளிப்பது.

அறிவு என அறியப்படும் அறிவரசு கலைநேசன் இவ்வூரில் பிறந்தவர். பத்தொன்பது பேர் கொண்ட குழுவில் ராப் பாடகராகவும் பாடலாசிரியராகவும் அறிமுகமான அவர், ‘காலா’ (2018) திரைப்படத்திற்கும் பாடல் எழுதினார். 2019இல் இசைத்தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து ‘தெருக்குறள்’ தொகுப்பை வெளியிட்டார். தலைப்பில் ‘திரு’ என்பது ‘தெரு’ ஆகியுள்ளது. ஓரெழுத்து மாற்றத்தால் அறநூலின் மேன்மை வீதிக்கு வருகிறது. அதே வேளையில், வீதியின் பேச்சுக்கும் அறநூலின் தகுதி உண்டு என்னும் கோரிக்கையும் எழுகிறது. ‘ஆன்டி இந்தியன்’, ‘கள்ள மௌனி’ ஆகிய பாடல்கள் இத்தொகுப்பில் கவனம் பெற்றவை. முன்னையது நாட்டுப்பற்றின் பெயரால் சுமத்தப்படும் முத்திரையை ஏற்று அதனைத் திருப்பிக் கேள்வி கேட்பது; பின்னையது அநீதியைக் கண்டும் பேசாதிருப்போரை விளிப்பது.

ஆக்கமுறையில் ‘மகிழ்ச்சி’க்கும் ‘தெருக்குற’ளுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னது பலர் ஒரே மேடையில் வாசித்து உருவாக்கிய ஒலியைக் கூடத்திற்குக் கொண்டுவருவது. பின்னது இருவரின் ஆக்கம். ஒருவர் சொல், மற்றவர் ஒலி. ராப் இசைத்தொகுப்பில் தயாரிப்பாளர் முன்னரே அமைக்கும் தாளக்கட்டின்மீது சொல் எழுதப்படலாம். அல்லது எழுதிய சொல்லைச் சுற்றித் தாளக்கட்டு அமைக்கப்படலாம். இரண்டிலும் கணினியே கூடம். பெருஞ்செலவு இல்லை, பெரும் இசைநிறுவனத்தின் ஒப்புதலும் தேவையில்லை. இணையவழி வெளியீடு, தட்டோ நாடாவோ இன்றித் தொகுப்பைக் கேட்போரிடம் சேர்க்கிறது. இதனால் திரையரங்கின் தணிக்கைக்கும் வணிகக் கணக்கிற்கும் ஆட்படாத சொல் வெளிவர முடிந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு எதிரான போராட்டக் காலத்தில் அறிவின் ‘சண்ட செய்வோம்’ பாடல் விரைவில் பரவியதற்கும் இவ்வெளியீட்டு முறையே துணைநின்றது.

இவ்வெளியீட்டு முறைக்கு ஒரு குறையும் உண்டு. இசைத்தட்டின் அட்டையிலும் ஒலிநாடாவின் உறையிலும் பாடலாசிரியர், இசைக்கலைஞர் பெயர்கள் அச்சிடப்பட்டன. இணையத்தளத்தில் ஒரு பாடல் ஒற்றை வரியாகச் சுருங்குகிறது. ‘கலைஞர்’ என்னும் ஒரே கட்டத்தில் யார் பெயர் இடப்படுகிறதோ அவரே கேட்போர் நினைவில் நிற்கிறார். அடுத்து நோக்கவிருக்கும் சிக்கலுக்கு இதுவும் ஒரு பின்னணி.

5. ‘என்ஜாய் எஞ்சாமி’: பாட்டியின் குரலும் பெயரின் வழக்கும்

2021 மார்ச் 7 அன்று வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலைத் தீயும் அறிவும் பாடினர்; சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். பாடலின் கருவில் இருப்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர் அவர். இவ்வாழ்வின் பின்புலம் பெரிய வரலாற்றுடையது. 19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்தின் நிலமற்ற மக்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டது. எவ்வொப்பந்தத்திலும் அம்மக்களின் ஒப்புதல் பெறப்படவில்லை.

‘என் சாமி’ என்னும் விளி தமிழில் இருவகையாக வழங்குவது. நிலமற்ற உழைப்பாளி நிலவுடைமையாளரை அழைப்பதும் அச்சொல்லே. பாட்டி பேரனைக் கொஞ்சுவதும் அச்சொல்லே. அடிமைத்தனத்தின் சொல்லை அன்பின் சொல்லாக மாற்றிக்கொண்ட வாய்மொழி வழக்கைப் பாடல் தலைப்பாக்குகிறது. ஒப்பாரியின் விளிமுறையும் அடுக்கும் பாடலின் நடையில் தெளிவாகத் தெரிகின்றன.

பாடல் உலகளவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாமை விமர்சனத்துக்குள்ளாயிற்று. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இப்பாடல் அறிவு இன்றி நிகழ்த்தப்பட்டது. அதனையொட்டி, பாடலை எழுதி, மெட்டமைத்து, பாடி, நிகழ்த்தியவர் தாமே என்று அறிவு பொதுவெளியில் அறிவித்தார். பாடல் கூட்டாக்கம் என்றும், வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமமாகப் பகிரப்பட்டவை என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கினார். அறிவின் பங்கைத் தாம் எப்போதும் குறிப்பிட்டு வந்ததாகத் தீ தெரிவித்தார். பாடலின் மூன்றாம் ஆண்டு நிறைவில், 2024 மார்ச்சில், தங்கள் மூவருக்கும் அதனால் வருவாய் எதுவும் வந்து சேரவில்லை எனச் சந்தோஷ் நாராயணனே கூறினார்.

யார் கூற்று சரி எனத் தீர்ப்பளிப்பது ஆய்வாளரின் பணியன்று. ஒரே பாடலைப் பற்றி ‘நான் ஆக்கினேன்’ என்பதும் ‘நாங்கள் ஆக்கினோம்’ என்பதும் எவ்வாறு ஒருங்கே எழ முடிகிறது என்பதை விளக்குவதே தேவையானது.

6. சட்டம் காணும் அடுக்குகள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) பாடலை ஒரே பொருளாகக் காண்பதில்லை. சொல் இலக்கிய ஆக்கம். அதன் ஆசிரியர் எழுதியவர். மெட்டு இசை ஆக்கம். சட்டத்தின் வரையறைப்படி அதில் சொல் அடங்காது. அதன் ஆசிரியர் இசையமைத்தவர். ஒலிப்பதிவு மூன்றாவது ஆக்கம். அதன் ஆசிரியர் தயாரிப்பாளர். பாடுவோரும் வாசிப்போரும் நிகழ்த்துநர் என்ற வகையில் தனியுரிமை உடையவர்கள். சொல்லுக்கும் மெட்டுக்கும் ஆசிரியர் மறைவிற்குப்பின் 60 ஆண்டுகளும், ஒலிப்பதிவிற்கு வெளியீட்டிற்குப்பின் 60 ஆண்டுகளும், நிகழ்த்துநருக்கு 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பங்களிப்புகளைப் பிரித்தறிய இயலாதவாறு பலர் சேர்ந்து ஆக்கியது கூட்டாக்கம் எனப்படும்.

2012ஆம் ஆண்டின் திருத்தம் இரு வகையில் முதன்மையானது. உரிமையை எழுதிக்கொடுத்த பின்னரும் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் வருவாய்ப் பங்கைப் பெறும் உரிமையை இழப்பதில்லை என்பது ஒன்று. நிகழ்த்துநர் தம் நிகழ்த்துதலுக்குத் தாமே உரியவர் என இனங்காட்டப்படும் உரிமை பெற்றார் என்பது மற்றொன்று. ஆசிரியருக்கு இத்தகைய அறவுரிமை சட்டத்தின் 57ஆம் பிரிவில் முன்பே உண்டு. அதனைப் பணம் கொடுத்து வாங்கிவிட முடியாது.

இவ்வடுக்குகளை மனங்கொண்டால் மேற்குறித்த கூற்றுகள் ஒரே நேரத்தில் எழுந்தமை விளங்கும். சொல்லின் அடுக்கிலிருந்து பேசுவோர் ‘என் ஆக்கம்’ என்பர். ஒலிப்பதிவின் அடுக்கிலிருந்து பேசுவோர் ‘நம் ஆக்கம்’ என்பர். ராப் இசை இவ்வடுக்குகளைக் குழப்புவதும் கவனிக்கத்தக்கது. ராப்பில் சொல்லின் அசைநடையே மெட்டின் பெரும்பகுதி. எழுதியவரே ஒருவகையில் இசையமைத்தவரும் ஆகிறார். சொல்லும் மெட்டும் தனித்தனி எனக் கொள்ளும் சட்ட வரையறை இவ்விடத்தில் இடறுகிறது. ஒப்பாரிக்கும் இது பொருந்தும்.

இவை எவற்றுள்ளும் அடங்காத ஓர் அடுக்கு எஞ்சுகிறது. பாட்டியின் நினைவும் விளியும் அழுகையின் இலயமும் சட்டத்தின் எவ்வகையிலும் சேரா. நாட்டார் வெளிப்பாடுகளுக்கெனத் தனிப் பாதுகாப்புப் பிரிவு இச்சட்டத்தில் இல்லை. பெயரற்ற மரபின் பங்கைச் சொல்ல ஆசிரியரின் மனச்சான்றே கருவியாக உள்ளது.

ஆசிரியத்துவத்தின் மறுபக்கத்தையும் இங்குக் குறித்தல் தகும். சபரிமலையில் அனைத்து வயதுப் பெண்களும் நுழையலாம் என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 28இல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டில் குழு நிகழ்த்திய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாடலைப் பாடியவர் இசைவாணி. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அப்பாடல் சர்ச்சையானபோது தாக்குதலின் இலக்காகக் குழுவைக் காட்டிலும் பாடிய பெண்ணே ஆக்கப்பட்டார். புகழ் வரும்போது கூட்டாக்கத்தில் ஒருவர் பெயர் மறைவதும், பழி வரும்போது அதே கூட்டாக்கத்தில் ஒருவர் பெயர் மட்டும் தனித்து நிறுத்தப்படுவதும் ஒரே சமூக ஒழுங்கின் இரு செயல்கள். சாதியும் பாலினமும் ஆசிரியர் பெயரை எங்கு இட வேண்டும் என்பதைச் சட்டத்திற்கு முன்னரே தீர்மானித்துவிடுகின்றன.

7. ‘வள்ளியம்மா பேராண்டி’: தலைப்பே சான்று

2024இல் அறிவின் தொகுப்பு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்னும் பெயரில் வெளிவந்தது. ‘பேராண்டி’ என்பது பேரனைக் குறிக்கும் பேச்சு வழக்கு. தமிழ்நாட்டில் ஒருவர் பெயருக்கு முன் நிற்பது பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்து. சாதிப் பின்னொட்டைக் கைவிட்ட சமூகத்தில் அதுவே குடும்ப அடையாளம். அவ்விடத்தில் பாட்டியின் முழுப்பெயரை இத்தலைப்பு நிறுத்துகிறது. இவ்வாறு ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர் தொகுப்பின் அட்டையில், ஆசிரியர் பெயருக்கு நிகரான இடத்தில் பதிவாகிறது. சட்டம் இடமளிக்காத ஐந்தாம் அடுக்கிற்குத் தலைப்பு இடமளித்துள்ளது.

முந்தைய தொகுப்புகளின் தலைப்புகளோடு இதனை ஒப்பிடுதல் பயன் தரும். ‘மகிழ்ச்சி’ ஒரு கூட்டத்தின் மனநிலையைச் சொல்கிறது. ‘தெருக்குறள்’ ஓர் இடத்தையும் ஒரு நூலையும் இணைக்கிறது. ‘வள்ளியம்மா பேராண்டி’ ஓர் உறவைச் சொல்கிறது. கூட்டம், தெரு, குடும்பம் என வட்டம் சுருங்குவதுபோல் தோன்றினும் வரலாற்றின் பரப்பு விரிகிறது. அரக்கோணத்தில் தொடங்கும் குடும்பக் கதை இலங்கையின் மலையகத்தையும் இரு நாடுகளின் ஒப்பந்தங்களையும் தன்னுள் கொண்டுள்ளது. தொகுப்பு என்னும் வடிவத்தின் தேவையும் இங்கு விளங்குகிறது. ஐந்து நிமிடப் பாடல் ஒரு வரலாற்றைத் தொட்டுக்காட்டலாம்; பாடல்களின் வரிசையே அதனைச் சொல்லி முடிக்க இடந்தரும்.

8. ஆய்வாளர் கவனத்திற்கு

திரைக்கு வெளியே வரும் இசைத்தொகுப்புகள் பல்கலைக்கழக ஆய்வுகளில் இடம்பெறத் தொடங்கும் நிலையில் சில நடைமுறைகள் வேண்டப்படுகின்றன.

முதலாவது, மேற்கோள் முறை. பாடலைக் குறிப்பிடும்போது ஒரு பெயரை மட்டும் தருதல் தவறான வரலாற்றை உருவாக்கும். சொல், மெட்டு, குரல், தயாரிப்பு, வெளியீடு ஆகியவற்றைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். மூலமாக அமைந்த வாய்மொழி மரபு அறியப்பட்டால் அதனையும் குறித்தல் வேண்டும்.

இரண்டாவது, பாடவேறுபாடு. மேடை வடிவமும் கூடத்தில் பதிந்த வடிவமும் ஒன்றல்ல. கானாவின் இழுப்பு மேடையில் ஒருவகையிலும் பதிவில் மற்றொரு வகையிலும் அமையும். ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் கவனம் இங்கும் தேவை; எவ்வடிவம், எந்நாள் என்பது சுட்டப்பட வேண்டும்.

மூன்றாவது, ஆவணப்படுத்தல். இணையத்தளத்தில் உள்ள தொகுப்பு எந்நாளும் நீக்கப்படலாம். தலைப்பும் பெயர்ப்பட்டியலும் மாற்றப்படலாம். அச்சுநூலுக்கு நூலகம் செய்வதை ஒலித்தொகுப்பிற்குச் செய்ய நிலையான ஏற்பாடு வேண்டும். ஆய்வு மேற்கொள்வோர் தாம் கேட்ட வடிவத்தின் பெயர்ப்பட்டியலைக் கேட்ட நாளோடு குறித்துவைப்பது அதன் முதற்படியாகும்.

முடிவுரை

‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவும் அதன் வழிவந்த தொகுப்புகளும் தமிழில் மூன்று மாற்றங்களைக் கொணர்ந்துள்ளன. திரைக்கதையைச் சாராத பாடல்தொகுப்பு தனி வடிவமாக நிலைபெற்றது. தீயில் காய்ச்சும் தோலும் திருகால் முடுக்கும் கம்பியும் ஒரே பதிவில் நிகரான தகுதி பெற்றன. ஆசிரியத்துவம் பற்றிய வினா பொதுவெளி விவாதமாயிற்று. இவற்றுள் மூன்றாவது இன்னும் தீராதது. பதிப்புரிமைச் சட்டம் நான்கு அடுக்குகளைக் காண்கிறது. வாய்மொழி மரபாகிய ஐந்தாம் அடுக்கு அதன் பார்வைக்கு வெளியே உள்ளது. பாட்டியின் பெயரைத் தலைப்பாக்கிய தொகுப்பு அவ்விடைவெளியைப் படைப்பின் வழி சுட்டிக்காட்டியிருக்கிறது. பெயர்களை உரிய இடத்தில் எழுதிவைக்கும் கடமை இனி ஆய்வுலகத்தையும் சாரும்.